பூனைக்குட்டிக்கு மூக்கடைப்பு: சளியா, பிறவிக் கோளாறா?

கோத்தகிரியில் எங்கள் வீட்டு விறகுக் கொட்டகை ஒரு பிரசவ வார்டு மாதிரி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் திரியும் தாய்ப்பூனைகள் வருடத்துக்கு இரண்டு முறையாவது அங்கே வந்து குட்டி போடும். போதாததற்கு, "அக்கா, நீங்கதான் நல்லா பாத்துக்குவீங்க" என்று அட்டைப்பெட்டியோடு வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 11 வருடமாக இதே கதை. இத்தனை குட்டிகளில் எனக்குத் திரும்பத் திரும்ப வந்த தொல்லை மூக்குதான்.

மலையில் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "குளிர் ஊரு, சளி பிடிக்கத்தான் செய்யும்." நானும் அதை நம்பி, மிளகு என்கிற கறுப்புக் குட்டிக்கு நான்கு மாதம் சளி மருந்து கொடுத்தேன். ஒரு மருத்துவர் மூன்று முறை மருந்தை மாற்றினார். மூச்சு விடும்போது வரும் கர்கர் சத்தம் மட்டும் மாறவே இல்லை. கடைசியில் மலையிறங்கிச் சமவெளிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், மூக்கு முடிந்து தொண்டை தொடங்கும் இடத்தில் ஒரு சவ்வு. நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை. அவ்வளவு நாளும் அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறாள். சளி ஒரு சொட்டுகூட இல்லை.

அதிலிருந்து எந்தக் குட்டி வந்தாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறேன். சத்தம் எந்த நாளில் தொடங்கியது? கூடவே சளி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதல் வேலை: தைல பாட்டிலை மூடி வையுங்கள்

நீலகிரியில் மூக்கடைத்தால் கை தானாக யூகலிப்டஸ் தைலத்துக்குப் போகும். பூனைக்கு அது விஷம். நம் ஈரல் பிரித்து வெளியேற்றும் பல பொருட்களைப் பூனையின் ஈரலால் வெளியேற்ற முடியாது. மார்பில் தடவினால் நக்கியே உள்ளே அனுப்பிவிடும். வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டு ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். கற்பூரம், மெந்தால் கலந்த களிம்புகளுக்கும் இதே சட்டம்தான்.

பாராசிட்டமால் அதைவிட மோசம். நாம் போட்டுக்கொள்ளும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை வளர்ந்த பூனையையே கொன்றுவிடும். குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பிலும் அதுதான் இருக்கிறது. மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்துகளையும் தொடாதீர்கள். பாட்டிலில் சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் என்று மட்டும் போட்டிருந்தால் அது வெறும் உப்புநீர். அதை மட்டும் விடலாம்.

எதையும் சோதிக்காமல் உடனே ஓட வேண்டிய நேரம்

ஈறும் நாக்கும் நீலம் பாரித்தோ வெளுத்தோ இருந்தால். வெயிலில் விளையாடிய களைப்பு என்று எதுவும் இல்லாமலே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 40ஐத் தாண்டினால். ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே போய் விலா தெரிந்தால். பால்குடிக் குட்டி இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காவிட்டால்.

இந்த நிலையில் இருக்கும் பூனையின் வாயைத் திறந்து பார்க்காதீர்கள், துணியில் இறுக்கிச் சுற்றாதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கூடையில் வைத்து, அது எப்படி உட்கார நினைக்கிறதோ அப்படியே விட்டு, கிளம்புங்கள். வாயால் மூச்சு விடுகிற எல்லாப் பூனைக்கும் மூக்கில்தான் கோளாறு என்றில்லை. நெஞ்சில் நீர் கோத்தாலும், ஆஸ்துமா வந்தாலும், இதயம் கெட்டாலும் வாய் திறக்கும். எது என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை.

வீட்டிலேயே செய்யும் நான்கு சோதனைகள்

எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ராத்திரி ஜன்னல் திட்டில் வைத்துவிடுங்கள். காலையில் அது பனிக்கட்டி மாதிரி இருக்கும். குட்டி வாயை மூடித் தூங்கும்போது மூக்குக்கு ஒரு விரல் தள்ளி டம்ளரைப் பிடியுங்கள். இரண்டு துளைக்கும் இரண்டு ஆவிப் படலம் விழ வேண்டும், ஏறத்தாழ ஒரே அளவில். ஒன்று விழுந்து மற்றது விழாவிட்டால் ஒரு பக்கம் அடைப்பு. இரண்டுமே பொட்டுப் போல விழுந்தால் இரண்டு பக்கமும் குறுகல். மதிய வெயிலில் இது பலிக்காது. அப்போது பஞ்சிலிருந்து ஓர் இழையைப் பிரித்து ஒவ்வொரு துளைக்கு முன்னும் காட்டி, ஆடுகிறதா என்று பாருங்கள். மலையில் இருப்பதால் நமக்குக் கிடைத்த வசதி இந்த டம்ளர் சோதனை. சமவெளிக்காரர்கள் கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, நல்ல தூக்கத்தில் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுவது. 30க்குள் இருந்தால் சரி. மூன்றாவது, சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை. பிறந்தபோது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். சத்தம் போட்டாலும் எடை ஏறினால் நமக்கு அவகாசம் இருக்கிறது. ஏறாவிட்டால் இல்லை.

நான்காவது, வீடியோ. தூங்கும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று. ஆஸ்பத்திரி மேசையில் பயந்துபோன பூனை ஒரு சத்தமும் போடாது; "நல்லாத்தானே இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

அறிகுறி 1: குடித்த பால் மூக்கு வழியாக வருகிறது

புட்டியில் வளர்க்கும் குட்டி என்றால் முதலில் புட்டியைச் சந்தேகப்படுங்கள். தலைகீழாகப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் துளை பெரிது. அடுத்தது பிடிக்கும் விதம். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பால் கொடுப்பவர்கள்தான் அதிகம். குட்டி தாயிடம் குடிக்கும்போது குப்புறப் படுத்துத்தானே குடிக்கிறது? அதே மாதிரி வயிறு தரையில் பட, தலை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். சங்கிலோ பாலாடையிலோ ஊற்றவே கூடாது. பல குட்டிகளுக்குப் பிரச்சினை இத்துடன் தீர்ந்துவிடும்.

இதைத் திருத்தியும் அடுத்த இரண்டு வேளையும் வந்தால், அல்லது தாயிடம் குடிக்கும்போதே வந்தால், டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பாருங்கள். நடுவில் நீளமாக ஒரு பிளவு தெரிந்தால் அது அண்ணப்பிளவு. மேலுதடும் பிளந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரியும். எதுவும் தெரியவில்லை என்பதாலேயே பிளவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அண்ணத்தின் மென்மையான பகுதி (மென்னண்ணம்) மிகவும் உள்ளே இருக்கிறது. மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும்.

பிளவு இருந்தால் அந்த நிமிடமே புட்டியை நிறுத்துங்கள். பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்துதான் இந்தக் குட்டிகள் சாகின்றன. வாய் வழியாக வயிற்றுக்குள் மெல்லிய குழாய் செலுத்திப் பால் கொடுக்க மருத்துவரிடம் ஒரு முறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துக் கற்காதீர்கள். குழாய் மூச்சுக்குழாய்க்குள் போனால் எல்லாம் முடிந்தது. பிளவைத் தைக்கும் அறுவை பொதுவாக மூன்று நான்கு மாதம் ஆனபின்தான். அதுவரை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து, ஆள் வேண்டும். வீட்டில் அப்படி ஆள் இல்லை என்றால் அதையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். நான் ஒரு குட்டியை மூன்றாவது வாரத்தில் இழந்திருக்கிறேன்.

இன்னொன்று. மழை மாதங்களில் இங்கே பூனைகளுக்குப் படர்தாமரை வரும். சினைப்பூனைக்கு அதற்காக கிரிசியோஃபுல்வின் மாத்திரை கொடுத்தால் குட்டிகள் அண்ணப்பிளவோடு பிறக்கலாம். வயிறு பெருத்திருக்கிறதா என்று பார்க்காமல் அந்த மாத்திரையை எடுக்காதீர்கள்.

அறிகுறி 2: பிறந்ததிலிருந்தே கர்கர் சத்தம், சளி இல்லை

இந்தக் கட்டுரையே இந்தத் தலைப்புக்காகத்தான். காய்ச்சல் இருக்காது, கண் பொங்காது, விளையாட்டு குறையாது. ஆனால் தூங்கினால் தாத்தா குறட்டை. பால் குடிக்கும்போது நாலு வாய் உறிஞ்சிவிட்டு, விட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் வாய் வைக்கும். வாயும் அடைபட்டு மூக்கும் அடைபட்டால் வேறு என்ன செய்யும்? கூடப் பிறந்தவை வளர, இது மட்டும் பின்தங்கும்.

*முகம் சப்பையாக இருந்தால்*

பாரசீகம், ஹிமாலயன், எக்ஸாடிக் ரகங்கள். கோயம்புத்தூர் கடைகளில் வாங்கி மேலே கொண்டுவருகிறார்கள். மூக்குத் துளையை நேராகப் பாருங்கள். கமா குறி போலத் திறந்திருக்க வேண்டும். கத்தியால் கீறிய கோடு போல இருந்து, மூச்சு இழுக்கும்போது இன்னும் ஒட்டிக்கொண்டால் துளை பிறவியிலேயே குறுகல். சொட்டு மருந்து அதைத் திறக்காது.

இங்கே ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். கோயம்புத்தூர் ஏறத்தாழ 400 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். மேலே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடையில் சும்மா இருந்த குட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே வேகமாக மூச்சு வாங்கினால் "குளிர் ஒத்துக்கலை" என்பார்கள். வாயைத் திறந்து வாங்கினால் மேலே சொன்னபடி உடனே ஓடுங்கள். வாய் மூடியிருந்தால் ஒரு நாள் அசையாமல் ஓய்வெடுக்க விட்டுப் பாருங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் குளிரைப் பழி சொல்லாமல் மூக்கைக் காட்டுங்கள்.

லேசான சத்தம், எடை ஏறுகிறது, டம்ளரில் இரண்டு படலமும் விழுகிறது என்றால் அவசரம் இல்லை. கொழுக்க விடாதீர்கள், புகையிலிருந்து தள்ளி வையுங்கள். துளை ஒட்டிக்கொள்கிறது என்றால் ஓரத்தில் ஒரு துண்டை ஆப்பு வடிவில் வெட்டித் துளையைப் பெரிதாக்குவார்கள். சின்ன அறுவைதான். பலர் கருத்தடைக்கு மயக்கம் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள், கேட்டுப் பாருங்கள். இந்தப் பூனையை வைத்துக் குட்டி எடுக்க வேண்டாம். "அழகான மூஞ்சி, ஒரு ஈத்து மட்டும்" என்று கேட்டு வருபவர்களிடம் நான் இப்போது கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுகிறேன்.

*நாட்டுப்பூனை, மூக்கு சாதாரணமாகத்தான் இருக்கிறது என்றால்*

அடைப்பு உள்ளே. மியாவ் என்று கத்தும்போதும் கொட்டாவி விடும்போதும் சத்தம் நின்று, வாயை மூடியதும் மறுபடி வந்தால், அடைப்பு மூக்குப் பாதையிலோ, அது தொண்டைப் பக்கம் திறக்கும் பின்வாசலிலோ இருக்கிறது. மிளகுக்கு இதுதான் துப்பு. நான்கு மாதமும் கண் முன்னால் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.

இனி டம்ளர். ஒரு பக்கம் மட்டும் படலம் விழவில்லை என்றால், அந்தப் பக்கத்துப் பின்வாசல் திறக்காமலே பிறந்திருக்கலாம். இப்படிப்பட்ட பூனைகள் மற்ற துளையை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சமாளிக்கும். அந்தப் பக்கம் மட்டும் அவ்வப்போது நீர் கசியும். எடை ஏறினால் அவசரப்பட வேண்டியதில்லை. தடுப்பூசிக்குப் போகும்போது சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் பொட்டுப் படலம்தான் என்றால் மூன்று சாத்தியங்கள். பின்வாசல் இரண்டும் மூடியிருப்பது. அதற்குக் கொஞ்சம் பின்னால், மென்னண்ணத்துக்கு மேலே, மிளகுக்கு இருந்தது போலச் சவ்வோ தழும்போ பாதையைக் குறுக்கியிருப்பது. அல்லது நடுச்செவியிலிருந்து ஒரு சதை முளைத்துத் தொண்டைப் பக்கம் தொங்குவது. இந்தச் சதைக்கு பாலிப் என்று பெயர். இளம் பூனைகளில் நிறையவே வரும், மூன்றிலும் எளிதாகத் தீரக்கூடியதும் அதுதான்.

ஆகவே காதைப் பாருங்கள். நாற்றம், சீழ், தலை ஒரு பக்கம் சாய்வது, நடை தள்ளாடுவது இருந்தால் பாலிப் பக்கம் சந்தேகம் போகிறது. காபித்தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் காதுப் பூச்சி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மருத்துவரிடம் மலிவானதிலிருந்து தொடங்கச் சொல்லலாம். முதலில் மயக்கம் கொடுத்து வாய்க்குள் பார்ப்பது. மென்னண்ணத்தை ஒரு கொக்கியால் முன்னே இழுத்தால் பாலிப் கண்ணுக்கே தெரியும், பல சமயம் அப்போதே பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். அதே மயக்கத்தில் மெல்லிய குழாயை ஒவ்வொரு துளை வழியாகவும் விட்டு, தொண்டைக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வராமல் முட்டினால் பாதை மூடியிருக்கிறது. இந்த இரண்டும் சாதாரண மருத்துவமனையிலேயே முடியும். எக்ஸ்ரே இந்த விஷயத்தில் அதிகம் சொல்லாது. அடுத்த படி, வாய் வழியாக விட்டு மேல்நோக்கி வளைத்துப் பார்க்கும் எண்டோஸ்கோப்பும் சி.டி. ஸ்கேனும். அங்கிருந்து செலவு ஆயிரங்களில் ஏறும், மலையை விட்டு இறங்கவும் வேண்டும்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. பாலிப்பை இழுத்து எடுத்தால் சிலவற்றுக்குத் திரும்ப முளைக்கும். அப்படி வந்தால் நடுச்செவிக்கு அடியில் கிண்ணம் போல இருக்கும் எலும்பைத் திறந்து வேரோடு எடுக்க வேண்டும். எடுத்தபின் ஒரு கண்மணி சுருங்கி இமை தொங்கினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். சவ்வுக் குறுகலுக்குப் பலூனை உள்ளே விட்டு ஊதி விரிப்பார்கள். மறுபடி குறுகும் என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மிளகுக்கு இரண்டு முறை செய்தோம். அதற்கும் நிற்காதவற்றுக்கு, பாதையைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் என்கிற சின்னக் குழாயை வைக்கிறார்கள்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். பிறந்த சில வாரங்களில் கடுமையான பூனைச்சளி வந்து ஆறிய தழும்பும் இதே குறுகலை உண்டாக்கும். தெருவில் கிடைத்த குட்டியில் எது பிறவி, எது தழும்பு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வைத்தியம் ஒன்றுதான் என்பதால் அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அறிகுறி 3: சத்தமும் உண்டு, சளியும் உண்டு

இரண்டு கண்ணும் இரண்டு துளையும் ஒழுகி, காய்ச்சலோடு, ஒரே ஈத்தில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படுத்தால் அது தொற்று. பூனை ஹெர்பிஸ் வைரஸும் கலிசி வைரஸும்தான் பெரும்பாலும். நாக்கில் புண் இருந்தால் கலிசி பக்கம் சந்தேகம். குட்டியைத் தனி அறையில் வைத்து, மூக்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, வெந்நீர் ஆவி நிரம்பிய குளியலறையில் பத்து நிமிடம் மடியில் வைத்திருங்கள். வெறும் ஆவி போதும். உப்புநீர் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு.

சளி தண்ணீர் போல இருக்கும்வரை ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிக்காதீர்கள். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியானால், சாப்பாடு நின்றால், மருத்துவர் முடிவு செய்வார். டாக்சிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால் உடனே ஊசிக்குழலில் 5 மில்லி தண்ணீராவது வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உணவுக்குழாயில் சிக்கினால் அரித்துப் புண்ணாகும்.

இனி முக்கியமான கிளை. மருந்து கொடுக்கும்வரை நன்றாக இருந்து, நிறுத்திய பத்தாம் நாள் திரும்ப வருகிறதா? மூன்று சுற்று ஆகிவிட்டதா? நான்காவது சுற்றுக்குப் போகாதீர்கள். பின்னால் வடிகால் அடைத்திருந்தால் சளி தேங்கித்தான் கிடக்கும், தேங்கியது அழுகும், மருந்து அதை ஒரு வாரம் தணிக்கும். மேலே அறிகுறி 2க்குப் போய் டம்ளரை எடுங்கள். ஹெர்பிஸ் வந்து போன பூனைக்கும் வாழ்நாள் முழுக்க விட்டுவிட்டு வரும். ஆனால் அது ஊர் மாறும்போது, வீட்டில் புதுப்பூனை வரும்போது என்று பெரும்பாலும் ஏதாவது ஒரு அதிர்ச்சியை ஒட்டி வரும். நடுவில் மூச்சு சத்தமில்லாமல் இருக்கும்.

கணப்பு எரியும் வீடு என்றால் பூனை அதன் முன்னாலேயே கிடக்கும். விறகுப் புகை, கொசுவர்த்தி, சாம்பிராணி மூன்றையும் பத்து நாள் நிறுத்திப் பாருங்கள். செலவில்லாத சோதனை. குட்டிக்குச் சூடு வேண்டும் என்று மூடிய அறையில் கரியடுப்பு மட்டும் வைக்காதீர்கள். குட்டியோடு சேர்ந்து நாமும் எழுந்திருக்க மாட்டோம். துணி சுற்றிய வெந்நீர்ப் பை போதும்.

ஒரே பக்கத்தில் கெட்டிச் சளி, நாற்றம், ரத்தம் என்றால் பிறவிக் கோளாறு பட்டியலில் கீழே போகிறது. மூக்கில் சிக்கிய புல், சீழ் பிடித்த பல் வேர், பாலிப் என்று தேட வேண்டும். மூக்குத் தண்டு வீங்கினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். புறா எச்சம் குவிந்த பரணில் திரியும் பூனை என்றால் அதையும் சொல்லுங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை.

அறிகுறி 4: நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று தொடர் தும்மல்

பிறவிக் கோளாறு ஒரே நாளில் முளைக்காது. எங்கள் பக்கம் கிக்குயு புல் மண்டிக் கிடக்கிறது. பூனை அதைத் தின்று, பிறகு கக்கும்போது ஒரு தாள் மேலே ஏறி மூக்கின் பின்னால் சொருகிக்கொள்ளும். தும்மும், விழுங்கிக்கொண்டே இருக்கும், ஓங்கரிக்கும். துளையில் பச்சை நுனி தெரிந்தால் நேராக, மெதுவாக இழுங்கள். சிக்கினால் விட்டுவிடுங்கள், புல்லில் இருக்கும் சுணை பின்னோக்கிக் கிழிக்கும். நுனி தெரியாமல் ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்தால் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும்.

ஜூன், ஜூலை மழையில் ஒரு துளையிலிருந்து மட்டும் புது ரத்தம் சொட்டினால் அட்டையை நினைவில் கொள்ளுங்கள். காலில் ஏறும் அட்டையைவிட, ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் போகும் நீரட்டைதான் ஆபத்து. மாட்டுக்கு இப்படி வந்தால், தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து பிறகு மூக்கருகே தண்ணீர்ப் பாத்திரம் நீட்டுவார்கள். அட்டை தலையை நீட்டும்போது பிடித்து இழுப்பார்கள். பூனையிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. உப்பு, புகையிலைத் தண்ணீர் எதையும் மூக்கில் விடாமல் கொண்டுபோங்கள்.

வாயைப் பார்க்கப் போய்க் கடி வாங்கினால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்கு அன்றே போங்கள். வீட்டுப்பூனைதானே என்று இருக்காதீர்கள்.

அறிகுறி 5: கண்ணீர் மட்டும் ஓயாமல் வடிகிறது

சப்பை முகப் பூனைகளில் கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாய் வளைந்து நசுங்கியிருக்கும். கண்ணோரத்தில் துருக்கறை. தினம் இரண்டு முறை ஈரப்பஞ்சால் துடைத்தால் போதும். கண்ணைச் சுருக்கினாலோ, கருவிழியில் மங்கல் தெரிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

அறிகுறி 6: மூச்சு பரவாயில்லை, ஆனால் சாப்பிட மறுக்கிறது

வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. மத்தியையோ கோழியையோ உப்பில்லாமல் வேகவைத்து, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். சாப்பிடும் முன் மூக்கைத் துடைத்துவிடுங்கள். தட்டையான தட்டு வையுங்கள். ஆழமான கிண்ணத்தில் முகம் புதைந்தால் மூச்சு முட்டும். வளர்ந்த பூனை இரண்டு நாள் முழுப் பட்டினி கிடந்தால், அதுவும் கொழுத்த பூனை என்றால், ஈரலில் கொழுப்பு படிந்து தனி நோயாகிவிடும். குட்டிக்கு அவ்வளவு நாள் கிடையாது. அரை நாள் தாண்டினாலே கிளம்புங்கள்.

கீழே கொண்டுபோவது

எண்டோஸ்கோப்போ சி.டி.யோ வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், எங்கே இருக்கிறது என்று போனில் உறுதி செய்யாமல் வண்டி எடுக்காதீர்கள். கோயம்புத்தூர் தனியார் மருத்துவமனைகளை விட்டால், கால்நடை மருத்துவக் கல்லூரி என்று நாமக்கல்லும் சென்னை வேப்பேரியும் இருக்கின்றன. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு வயநாட்டுப் பூக்கோடு கிட்டம். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் மதுரையையும் தேனியையும் விசாரிக்கலாம்.

கையில் வேண்டியவை: வீடியோ இரண்டு, எடை எழுதிய தாள், சத்தம் தொடங்கிய நாள், கொடுத்த மருந்துகளின் அட்டைகள். "பிறந்ததிலிருந்து, சளி இல்லாமல், வாயை மூடினால் மட்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு என் நான்கு மாதம் ஆயிற்று.

கொண்டை ஊசி வளைவுகளில் பூனை வாந்தி எடுக்கும். மூக்கடைத்த பூனைக்கு வாந்தி ஆபத்து என்பதால் வளர்ந்தவற்றுக்குக் கிளம்பும் முன் ஆறு மணி நேரம் உணவு வேண்டாம். குட்டிகளைப் பட்டினி போடும் நேரத்தை மருத்துவரிடமே கேளுங்கள். பால்குடிக் குட்டியைப் பட்டினியே போடக்கூடாது. நாலு பக்கமும் காற்று வரும் கூடை, மேலே மெல்லிய துணி, மடியில் வேண்டாம். மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெக்கை அடிக்கும். சப்பை மூக்குப் பூனைக்கு அங்கேதான் திணறல் வரும். விடியற்காலையில் இறங்கிவிடுங்கள்.

திரும்பும்போது மயக்கம் தெளிந்தது என்று சொன்ன கையோடு மலை ஏறிவிடாதீர்கள். தொண்டை வீங்கியிருக்கும், மேலே காற்றும் மெலிவு. மிளகுக்கு இரண்டாவது முறை பலூன் வைத்த அன்று மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் தங்கிவிட்டோம். ராத்திரி முழுக்க அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்: 28, 26, 26. காலையில் மத்தித் தட்டை நக்கி முடித்தாள். அதற்குப் பிறகுதான் கோத்தகிரி பஸ் ஏறினோம்.